பின்கட்டு வழியாகப் போய்விடும் அந்தப் பெண்

கேள்வி: மலைக் கிராமம் ஒன்றின் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஆறு குக்கிராமங்கள் என் பொறுப்பு. கர்ப்பிணிகள் நான்காவது, ஐந்தாவது மாதத்தில்தான் பதிவுக்கே வருகிறார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி எண் கிடைத்ததும் பாதிப் பேர் அடுத்த பரிசோதனைக்கு வருவதில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால் "வரேன் சிஸ்டர்" என்பார்கள், வரமாட்டார்கள். மூன்றாவது முறை கர்ப்பமாக இருக்கும் ஒரு பெண் என்னைப் பார்த்தாலே பின்கட்டு வழியாகப் போய்விடுகிறார். மாதக் கூட்டத்தில் எனக்குத்தான் திட்டு. படிப்பில்லாத, அலட்சியமான மக்கள் என்று விட்டுவிடவும் மனம் வரவில்லை. இவர்களை எப்படி வரவைப்பது?

பதில்: சிஸ்டர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்து எண்ணிக்கை கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் "அலட்சியமான மக்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வார்த்தையை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 29 வருடம் இந்த வேலை பார்த்தேன், அதில் 11 வருடம் ஜவ்வாது மலையில். வயிற்றுப் பிள்ளை எப்படிப் போனால் என்ன என்று இருந்த ஒரு தாயைக்கூட நான் பார்த்ததில்லை. வராமல் இருப்பதற்கு ஒவ்வொருத்திக்கும் ஒரு காரணம் இருக்கும். அவள் இடத்தில் நின்று பார்த்தால் அது நியாயமாகவும் இருக்கும். அதை நம்மிடம் மட்டும் சொல்லமாட்டாள், சொன்னால் திட்டுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

இது உங்கள் ஆறு ஊரின் பிரச்சினை மட்டும் இல்லை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் நாடு முழுக்க எடுத்துப் பார்த்தால், கர்ப்ப காலத்தில் நான்கு முறையாவது பரிசோதனைக்குப் போனவர்கள் நகரங்களில் 68 சதவீதம், கிராமங்களில் 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் இது கிட்டத்தட்ட 90. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் விடுபட்ட அந்தப் பத்துப் பேரைத் தேடிப் போனால் உங்கள் ஊர் மாதிரி இடங்களில்தான் கிடைப்பார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், ஆனால் அந்த 3,000 பேரும் ஆறு மேட்டில் ஆறு பள்ளத்தில் சிதறிக் கிடப்பதைக் கூட்டத்தில் யாரும் பேசமாட்டார்கள்.

சரி, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பதிவுக்குத் தாமதமாக வருவது. மூன்று மாதம் நிலைத்த பிறகுதான் வெளியில் சொல்ல வேண்டும் என்பது அங்கே மட்டுமா, நம் வீட்டிலும் அப்படித்தானே? கண்ணுபடும், தங்காமல் போய்விடும் என்ற பயம். ஒரு முறை கரு கலைந்தவளாக இருந்தால் அந்தப் பயம் இரண்டு மடங்கு. நாம் என்ன செய்கிறோம்? அங்கன்வாடி வாசலில் நாலு பேருக்கு நடுவில் நின்று "நாள் தள்ளிப் போயிருக்கா, ஏன் சொல்லல?" என்று கேட்கிறோம். அவள் இல்லை என்றுதான் சொல்வாள். தம்பதிகள் பதிவேட்டை வைத்து, கல்யாணமாகி வந்த பெண்களின் வீட்டுக்கு மாதம் ஒரு முறை வேறு வேலையாகப் போகிற மாதிரி போங்கள். தனியாக இருக்கும்போது சிறுநீர்ப் பரிசோதனை அட்டையைக் கையில் கொடுத்து, "எனக்கும் உனக்கும்தான் தெரியும், மூணு மாசம் முடியற வரைக்கும் நான் வாயைத் திறக்கமாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி திறக்காமலும் இருங்கள். ஒரே ஒரு முறை இது ஊரில் கசிந்தாலும் அடுத்த வருடம் முழுக்க உங்களுக்கு ஒருத்தியும் சொல்லமாட்டாள். போலிக் அமில மாத்திரைக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். பிள்ளையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற குழாய், கரு உண்டாகி நாலு வாரத்துக்குள்ளேயே மூடிவிடுகிறது. அவள் மூன்று மாதம் காத்திருந்து வரும்போது அந்த வேலை எப்போதோ முடிந்திருக்கும். அதனால் கர்ப்பத்துக்குத் தயாராக இருப்பவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவது இன்னும் நல்லது.

அடுத்து, வந்துபோகிற செலவு. இதை எனக்குப் புரியவைத்தது ஒரு பெண். புளி உலுக்குகிற காலம். ஏழு மாதக் கர்ப்பம், இரண்டு முறை வரவில்லை, நான் கோபமாக வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை தட்டிக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. "இரு நர்சம்மா, கணக்கு சொல்றேன்" என்று விரலை மடக்கினாள். அவளுக்கு ஒரு நாள் கூலி போகும். துணைக்கு வரும் மாமியாருக்கும் கூலி போகும். ஜீப்புக்குப் போகவர இரண்டு பேருக்கு. மூத்த பிள்ளையை விட்டுவர ஆள் இல்லை, தூக்கிக்கொண்டு வர வேண்டும், அதற்குக் கடையில் ஏதாவது வாங்கித்தர வேண்டும். ஆறு கிலோமீட்டர் நடந்து ரோட்டுக்கு வந்தால் முதல் ஜீப் எட்டரைக்கு, நிலையத்துக்கு வந்து சேரும்போது பத்தரை, சீட்டு வாங்குகிற வரிசையில் முன்னால் நாற்பது பேர், ரத்தம் எடுக்கிறவர் பன்னிரண்டு மணிக்கு எழுந்துவிடுவார், "நாளைக்கு வா" என்பார். விரல் எல்லாம் மடங்கிவிட்டது. "இத்தனையும் போட்டுட்டு வந்தா, எடை பாத்து மாத்திரை குடுத்து அனுப்புறீங்க. மாத்திரையைத்தான் நீயே கொண்டாந்து குடுக்கறியே" என்றாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத் திரும்பி வரும் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன்.

அப்புறம் நாங்கள் செய்தது ரொம்பச் சின்ன விஷயம்தான். மருத்துவ அலுவலரிடம் பேசி, கர்ப்பிணிகள் நாளில் தூரத்து ஊர்க்காரர்களுக்குத் தனிச் சீட்டு, எத்தனை மணிக்கு வந்தாலும் அவர்களுக்கு முதலில் ரத்தம். அதோடு அன்றைக்குச் செய்ய முடிந்த எல்லாவற்றையும் அன்றைக்கே முடிப்பது. ஸ்கேனுக்கு ஒரு நாள், ரத்தத்துக்கு ஒரு நாள், ரிசல்ட் வாங்க ஒரு நாள் என்று அலையவிட்டால் யார் வருவார்கள்? பிரதமரின் தாய்மைப் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம்தோறும் 9-ஆம் தேதி மகப்பேறு மருத்துவர் வந்து பார்க்கிற ஏற்பாடு 2016-லிருந்து இருக்கிறது. உங்கள் பகுதியில் அது நடக்கிற இடத்தைக் கேட்டு, இரண்டு மூன்று ஊர்ப் பெண்களைச் சேர்த்து ஒரே வண்டியில் கூட்டிப் போக முடியுமா என்று பாருங்கள். தனியாக ஒருத்தி வருவதைவிட நாலு பேர் சேர்ந்து வந்தால் மாமியார்களும் எளிதில் அனுப்புகிறார்கள்.

சர்க்கரைப் பரிசோதனை பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்னமும் பல இடங்களில் "வெறும் வயிற்றில் வா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கர்ப்பிணிகளுக்கு நாம் செய்கிற பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையே இல்லை. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம், 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும், அவ்வளவுதான். சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷய்யா இந்த முறைக்காகப் பாடுபட்டதே, தூரத்திலிருந்து வரும் பெண்ணைச் சாப்பிடாமல் வா, மறுபடியும் வா என்று அலைக்கழிக்கக் கூடாது என்றுதான். விடியற்காலையில் பட்டினியாகக் கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் இறங்கி வந்து, வந்ததும் அத்தனை இனிப்புத் தண்ணீரைக் குடித்தால் வாந்தி வராமல் என்ன செய்யும்? அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும், அந்த மறுநாளுக்கு அவள் வரமாட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.

இனி மாத்திரை. ஒரு வீட்டில் ஒன்பதாவது மாதம், ஹீமோகுளோபின் 7.4. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் என் பதிவேட்டில் அவளுக்கு 180 இரும்புச்சத்து மாத்திரை கொடுத்ததாக டிக் இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தவள் தற்செயலாக மேலே பார்த்தேன். கூரை எரவாணத்தில் வரிசையாக அட்டைகள் செருகியிருந்தன, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை, சில அட்டைகளில் ஒட்டடை படிந்திருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் தலைகுனிந்துகொண்டாள். ஏன் வாங்கினாய் என்று கேட்டேன். "நீங்க நடந்து வந்து குடுக்கறீங்க, வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு" என்றாள். மெல்ல மெல்லத்தான் காரணம் வந்தது. முதல் நாலு நாள் சாப்பிட்டிருக்கிறாள், மலம் கறுப்பாகப் போயிருக்கிறது, உள்ளே ஏதோ புண்ணாகிவிட்டது என்று பயந்து மாமியாரிடம் சொல்ல, அவர் "அது சாப்பிட்டா பிள்ளை பெருத்துப்போகும், வயித்தைக் கிழிப்பாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

நாம் மாத்திரையைக் கொடுத்தது பதிவேட்டில் ஏறுகிறது, அவள் விழுங்கியது ஏறுவதில்லை. அதே தேசிய ஆய்வில் 180 நாளும் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டவர்கள் நூற்றுக்கு 26 பேர்தான். தமிழ்நாட்டிலேயே கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. அதனால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதே, உடம்பு எடுத்துக்கொண்டது போக மீதி வெளியே வருகிறது. குமட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டு படுத்துவிடு. டீயோடு வேண்டாம், எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் சேர்த்துப் போடாதே, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடு. மாமியாருக்குச் சொல்ல வேண்டியது வேறு: பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பது சர்க்கரை ஏறினால் நடக்கிறது, இரும்புச்சத்து மாத்திரையால் இல்லை, அதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த இனிப்புத் தண்ணீர். இதை மருமகளிடம் சொல்லிப் பயனில்லை, அவளுக்கு வீட்டில் பேச்சு இல்லை. மாமியாரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் பெற்ற கதையை முதலில் கேளுங்கள். "நாங்க காட்டுலயே பெத்துப்போட்டோம்" என்று ஆரம்பிப்பார்கள், முழுசாகக் கேளுங்கள். எத்தனை பெற்றீர்கள், எத்தனை தங்கின என்று கேட்கிற இடம் வரும். நான் பார்த்தவரை, அந்த இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பாட்டி இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் வலிந்து சொல்ல வேண்டியிருக்காது, மருமகளை அவரே கூட்டி வருவார்.

பிழைப்புக்காக வெளியூர் போகிறவர்கள் தனிக் கதை. காபி, மிளகுத் தோட்ட வேலைக்குக் கேரளாவுக்கும் கர்நாடகாவுக்கும் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள், தலைப்பிரசவக்காரி தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். நம் பதிவேட்டில் "விடுபட்டவர்" என்று சிவப்பு மையில் எழுதிவிடுகிறோம், அவள் அங்கே எங்கோ பார்த்துக்கொண்டுதான் இருப்பாள், அல்லது எங்கேயும் பார்க்காமல் இருப்பாள், இரண்டில் எது என்றே நமக்குத் தெரியாது. கிளம்புகிற மாதம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தாய் சேய் அட்டையைத் துணிமூட்டையில் அவள் கண்முன் வைத்து அனுப்புங்கள், மேஸ்திரியின் செல் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போகிற ஊரில் ஒரு செவிலியரைக் கண்டுபிடித்து ஒரு போன் போடுங்கள்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். பயிற்சி வகுப்பில் மூன்று தாமதம் என்று நமக்குச் சொல்லித் தருவார்கள். வீட்டில் முடிவெடுப்பதில் ஒன்று, வந்து சேர்வதில் ஒன்று, வந்த இடத்தில் தகுந்த கவனிப்புக் கிடைப்பதில் ஒன்று. முதல் இரண்டைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம், ஏனென்றால் அவை மக்களுடைய குறை, ரோட்டினுடைய குறை. மூன்றாவது நம்முடையது. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஆறாவது மாதம் முதல் தடவையாக வந்த ஒரு பெண்ணை வரிசையில் நிற்கும்போதே "இத்தனை மாசம் எங்கடி போயிருந்தே" என்று ஊரே கேட்கிற மாதிரி கேட்டார்கள். திரை இல்லாத கட்டிலில் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்கள். அவள் எதுவும் பேசவில்லை. அடுத்த முறை அவளைப் பார்த்தது எட்டாவது மாதக் கடைசியில், ஜன்னி கண்டு, வலிப்போடு, 108-லிருந்து இறக்கும்போது. அவள் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. நடுவில் இரண்டு முறை வந்திருந்தால் ரத்த அழுத்தம் 140/90-ஐத் தாண்டுவது தெரிந்திருக்கும், முகம் வீங்கியது தெரிந்திருக்கும், தலைவலி, கண் மங்கல் என்று அவளே சொல்லியிருப்பாள். நாம் பேசிய ஒரு வார்த்தை அந்த இரண்டு வருகையைத் தின்றுவிட்டது. இன்றும் அவள் முகம் எனக்கு மறக்கவில்லை.

அதனால் லேட்டாக வருகிறவளிடம் முதலில் சொல்ல வேண்டியது "வந்தியே, நல்லாச்சு". காரணம் கேட்பதெல்லாம் பிறகு, தனியாக. நிலையத்தில் மற்றவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் முதல் முறை வருகிறவளோடு நீங்கள் கூடவே போய் நிற்கலாம். பழைய சேலையை மறைப்பாகக் கட்டலாம். நாங்கள் அப்படித்தான் கட்டினோம், ஒரு வருடம் கழித்துத்தான் முறையான திரை வந்தது.

இனி உங்கள் பின்கட்டுப் பெண்.

மூன்றாவது கர்ப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய், 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும்தான், தாய்க்கு 19 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். 12 வாரத்துக்குள் பதிவு செய்யச் சொல்கிற நிபந்தனையால் முதல் பிள்ளைக்காரிகள் சீக்கிரம் வர ஆரம்பித்தார்கள், அது நல்லது. ஆனால் மூன்றாவது, நான்காவது பிள்ளைக்காரிக்கும், வயது குறைந்த பெண்ணுக்கும் அந்த இழுப்பு இல்லை. பிரசவத்தில் அதிக ஆபத்து இருப்பதோ இவர்களுக்கு! பணம் இல்லை என்பது ஒரு பக்கம், திட்டும் பயமும் இன்னொரு பக்கம். உங்களுக்கு முன்னால் அங்கே இருந்தவர், "ரெண்டு போதும்னு சொன்னேன்ல, ஆபரேஷன் பண்ணிக்கோ" என்று அவளை விரட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். நானே அப்படி விரட்டியிருக்கிறேன், குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கு கழுத்தை நெரித்த வருடங்களில். அவளுக்கு உங்கள் சேலையைப் பார்த்தாலே அந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும்.

அவளிடம் ஆபரேஷன் என்ற வார்த்தையைப் பிரசவம் முடியும் வரைக்கும் எடுக்காதீர்கள், அவளாகக் கேட்டால் தவிர. அவள் யாரோடு தண்ணீருக்குப் போகிறாள் என்று பாருங்கள், அந்தத் தோழி மூலம் சொல்லி அனுப்புங்கள், "பிரஷர் பார்க்கிற மெஷினும் ரத்தம் குத்திப் பார்க்கிற ஊசியும் மட்டும் கொண்டு வரேன், வேற எதுவும் பேசமாட்டேன்" என்று. பையில் பதிவேட்டை எடுத்துப்போக வேண்டாம். முன் இரண்டு பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா என்று மட்டும் எப்படியாவது கேட்டுக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும், அதற்கு நீங்களும் கூடப் போக வேண்டியிருக்கும். பரவாயில்லை, போங்கள். தேதி நெருங்கும்போது மலை நிலையத்தில் பிரசவக் காத்திருப்பு அறை இருந்தால் பத்து நாள் முன்னாடியே துணையோடு வந்து தங்கலாம், சாப்பாடு உண்டு, வீட்டில் இருக்கும் பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். அதை அவள் புருஷனிடம் பேசாதீர்கள், அவளுடைய அம்மாவிடம் பேசுங்கள்.

வயது குறைந்த பெண்கள் விஷயத்தில் உங்களுக்கும் பயம் இருக்கும். 18 நிரம்பாதவள் கர்ப்பமாக வந்தால் தகவல் கொடுக்க வேண்டியது சட்டம், அதை மறைக்கச் சொல்லமாட்டேன், மருத்துவ அலுவலரிடம் சொல்லி முறைப்படி செய்யுங்கள். ஆனால் கேஸ் வரும் என்ற பயத்தில்தான் அவர்கள் வீட்டிலேயே பெற்றுக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்பதையும் மறக்காதீர்கள். முதலில் சிகிச்சை, பாதியில் கைவிடமாட்டோம் என்பதை அந்தப் பெண்ணின் தாயிடம் நேராக உட்கார்ந்து சொல்லுங்கள். அவள் கை நடுங்கும். பிடித்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில் உங்களைக் கேட்டால், வராதவர்கள் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டு ஒவ்வொருத்திக்கும் காரணத்தை எழுதிக்கொண்டு போங்கள்: ஜீப் இல்லை, மூத்த பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை, தோட்ட வேலைக்குப் போய்விட்டாள், ஸ்கேனுக்கு மூன்று முறை அலைந்தாள். எண்ணிக்கை குறைவு என்று திட்டுகிற அதிகாரிகூட, காரணம் எழுதியிருந்தால் ஒரு நிமிடம் நின்று படிப்பார். எனக்கு ஒரு முறை வண்டி கிடைத்தது அப்படித்தான்.

அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின் எவ்வளவு இருந்தது என்று எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அதற்கு மட்டும் அடுத்த இதழ் வரைக்கும் காத்திருக்காமல் உடனே பதில் போடுகிறேன்.